ஸ்மெக்மா: ஒரு சொல்லும் ஒரு நோயின் காரணத் தேடலும்

பண்டைக் கிரேக்கத்தில் 'ஸ்மெக்மா' என்பது உடலைத் தேய்த்துக் கழுவும் பொருளைக் குறித்த சொல். ஏறத்தாழ நம் சோப்பு. நவீன மருத்துவம் அதே சொல்லை, ஆண்குறியின் முன்தோலுக்கு அடியில் சேரும் வெண்ணிறப் படிவுக்குப் பெயராக்கிற்று. தூய்மையின் பெயர் அழுக்கின் பெயரானது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் படிவின்மீது ஒரு புற்றுநோயை உண்டாக்கும் பழியும் விழுந்தது. மொழியியல் மாணவனாகச் சொல்லின் வரலாற்றைத் தேடிச் சென்ற நான், நோயின் வரலாற்றில் வந்து நின்றேன்.

ஆண்குறிப் புற்றுநோய் அரிதானது. 2020ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி புதிதாகக் கண்டறியப்பட்டோர் சுமார் 36,000 பேர். இறந்தோர் சுமார் 13,000 பேர். செல்வ நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. பிரேசிலின் மரன்யாவ் மாநிலம், உகாண்டா, இந்தியாவின் சில பகுதிகள் ஆகியவற்றில் விகிதம் உயர்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன என்பதே ஆய்வாளர்களை நெடுங்காலம் ஈர்த்த வினா.

முதலில் கிடைத்த விடை சமயத்தின் வழியாக வந்தது. 1932இல் நியூயார்க் மருத்துவர் ஆபிரகாம் வோல்பார்ஸ்ட், அமெரிக்க மருத்துவமனைகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் விவரங்களைத் தொகுத்து, அவர்களில் யூதர் ஒருவரும் இல்லை என்று 'லான்செட்' இதழில் எழுதினார். பிறந்த எட்டாம் நாளில் செய்யப்படும் விருத்தசேதனமே காப்பு என்பது அவர் முடிவு. அப்படியானால் முன்தோலுக்கு அடியில் நஞ்சு ஏதோ இருக்கவேண்டும் என்ற ஊகம் வலுப்பெற்றது. 1947இல் பிளாட், கோன்-ஸ்பேயர் இருவரும் குதிரையின் ஸ்மெக்மாவைச் சுண்டெலிகளில் செலுத்திப் பார்த்த சோதனை, அவ்வூகத்துக்கு ஆய்வகச் சான்றாகப் பல பத்தாண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. மனித ஸ்மெக்மா புற்றுநோயூக்கி என்பது பின்னர் ஒருபோதும் நிறுவப்படவில்லை.

இந்தியாவிலும் கணக்கெடுப்பு சமயவாரியாகவே நடந்தது. இந்துக்களிடம் மிகுதி, இசுலாமியரிடம் அரிது என்பது மும்பை மருத்துவர்களின் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. எண்கள் பொய்யல்ல. ஆனால் எந்தப் பிரிவுகளாகப் பிரித்து எண்ணுகிறோமோ, அந்தப் பிரிவுகளுக்குள்தான் காரணத்தையும் தேடுவோம். சமயம் என்ற பத்தி பதிவேட்டில் இருந்தது; வீட்டில் குளியலறை உண்டா என்ற பத்தி இல்லை.

அந்த விடுபட்ட பத்தியை நிரப்பியது டென்மார்க். ஆண்களில் மிகப் பெரும்பாலோர் முன்தோல் நீக்கம் செய்துகொள்ளாத நாடு அது. அங்கு 1943 முதல் 1990 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 1995இல் வெளியான கட்டுரை, நோய் விகிதம் ஒரு லட்சத்துக்கு 1.15இலிருந்து 0.82 ஆகக் குறைந்திருப்பதைக் காட்டியது. முன்தோல் அப்படியே இருக்க, நோய் குறைந்திருந்தது. இக்காலத்தில் டேனிஷ் வீடுகளில் குளியல் வசதி பெருகியது ஒரு காரணமாகலாம் என்று ஆசிரியர்கள் கருதினர்.

இதற்கிடையில் வேறொரு காரணியும் வெளிப்பட்டிருந்தது. 1983இல் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு, கருப்பைவாய்ப் புற்றுத் திசுவில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆண்குறிப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இவ்வைரஸின் மரபுப்பொருள் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. புகையிலையும் பட்டியலில் சேர்ந்தது: புகைப்பதோடு, மெல்லுவதும் மூக்குப்பொடியும்கூட இந்நோயோடு தொடர்புடையவை என்று 1995இல் ஓர் இந்திய ஆய்வு கூறியது.

வோல்பார்ஸ்ட் கண்ட தொடர்பு முற்றிலும் பொய்யா? இல்லை. முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகியிருக்கும் நிலை வலுவான அபாயக் காரணி. குழந்தைப் பருவ முன்தோல் நீக்கம் அந்நிலையே வராமல் தடுக்கிறது. இறுக்கம் இல்லாத ஆண்களை மட்டும் ஒப்பிட்டால், அதன் காப்புப் பயன் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. ஆக, காத்தது சமய அடையாளம் அன்று. அதற்குப் பின்னிருந்த ஓர் உடல்நிலை வேறுபாடு.

இது வெறும் முறையியல் விவாதம் அன்று. 'அழுக்கின் நோய்' என்ற பழைய பெயர் நோயாளியின் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது. அதற்கு அஞ்சியே ஆண்கள் புண்ணை மறைக்கிறார்கள். மாதக்கணக்கில் தாமதித்து மருத்துவரிடம் வருகிறார்கள். தொடக்கத்தில் சிறிய அறுவையோடு முடிந்திருக்கக்கூடியது, உறுப்பையே அகற்றுவதில் போய் முடிகிறது.

முன்தோல் இறுக்கத்துக்கு மருத்துவம் வழங்கிய பெயர் 'ஃபைமோசிஸ்'. அதுவும் கிரேக்கமே, வாய்ப்பூட்டு இடுதல் என்று பொருள். தண்ணீர், தடுப்பூசி, புகையிலை ஒழிப்பு, தயக்கமற்ற பேச்சு ஆகிய நான்கும் இந்நோயைத் தடுக்க வல்லவை. இவற்றுள் கடைசியானதை வகுப்பறைகளிலிருந்தே தொடங்கலாம்; அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.