அளப்பது வேறு, எடுப்பது வேறா? சாலைக்காக வயலில் இறங்கும் அதிகாரத்தின் கதை

2018 ஜூன் மாதம் சேலம் மாவட்டக் கிராமங்களில் வருவாய்த்துறையினர் போலீஸ் பாதுகாப்போடு வயல்களில் இறங்கினார்கள். அளந்தார்கள், கல் நட்டார்கள். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே சுமார் 277 கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டு வழிச்சாலை போடுவதற்கான வேலை அது. விவசாயிகள் எதிர்த்தார்கள். சில இடங்களில் நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். பலர் கைதானார்கள்.

அப்போது நிலம் அரசுக்குப் போய்விடவில்லை. பட்டாதாரர்தான் சொந்தக்காரர். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் உள்ளே நுழையலாமா? நுழையலாம் என்கிறது சட்டம். இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்

1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவில் இது இருந்தது. அறிவிப்பு வெளியானதும் அதிகாரிகள் நிலத்தில் நுழைய, அளக்க, மண்ணைத் துளையிட்டுப் பார்க்க முடிந்தது. அளப்பதற்கு வேறு வழியில்லை என்றால் நிற்கும் பயிரையும் வேலியையும் வெட்டவும் முடிந்தது. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. வீட்டுக்குள்ளோ வீட்டை ஒட்டிய அடைப்புத் தோட்டத்துக்குள்ளோ, குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால் 7 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் நுழையக் கூடாது என்று இருந்தது. சேதம் ஏற்பட்டால் அதற்குப் பணம் தர வேண்டும் என்று 5-வது பிரிவு சொன்னது. அந்நிய ஆட்சி போட்ட சட்டத்திலேயே இவ்வளவு இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நெடுஞ்சாலைக்குத் தனி வழி

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ல் வந்தது. சாலை வேலையை வேகப்படுத்த 1997-ல் அதில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வந்தால் போதும், 3பி பிரிவின்படி அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், துளையிடலாம், குறி வைத்துப் பள்ளம் வெட்டலாம். 1894 சட்டத்தில் இருந்த அந்த 7 நாள் நோட்டீஸ் 3பி-யில் இல்லை.

அதன் பிறகு வந்த 2013 நில எடுப்புச் சட்டம் எதிர்த்திசையில் போனது. நில உரிமையாளரோ அவர் எழுதிக் கொடுத்த ஆளோ இல்லாமல் அளக்கக் கூடாது; அவர் வராவிட்டாலும் 60 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதே 2013 சட்டத்திலேயே விலக்கு! 2015 முதல் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் மட்டும் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும் என்று ஆனது. நுழையும் முறை பழையபடியே நின்றது.

நீதிமன்றம் சொன்னது

எட்டு வழிச்சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. ஆனால் ஒரு விஷயத்தில் விவசாயிகள் பக்கம் நின்றது. நிலம் எடுக்கப்படும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் செய்த பெயர் மாற்றத்தைத் திருத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை அது ஏற்றுக்கொண்டது.

அதாவது, சட்டத்தின் கண்ணில் அளப்பது வேறு, எடுப்பது வேறு. 3டி பிரிவின் கீழ் அறிவிப்பு வரும்வரை நிலம் உரியவருடையதே. ஆனால் பதிவேட்டை முன்கூட்டியே மாற்றிய அலுவலகத்துக்கே அந்த வேறுபாடு தெரியவில்லை என்றால், கல்லைப் பார்த்துப் பதறிய விவசாயியைக் குறை சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆட்சேபனை மனு கொடுக்க 3சி பிரிவு தரும் காலம் 21 நாட்கள்தான். அந்தக் கணக்கு வயலில் கல் நட்ட நாளில் தொடங்குவதில்லை, அரசிதழில் அறிவிப்பு வந்த நாளில் தொடங்குகிறது. அறிவிப்பின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. பேப்பர் பார்க்காதவருக்குக் கல் வரும்போதுதான் விஷயமே தெரியும். அதற்குள் 21 நாளும் ஓடியிருக்கலாம்.

சேலத்துத் தென்னந்தோப்போ, கொல்லிமலை வளப்பூர் நாட்டு மிளகுத் தோட்டமோ, தேசிய நெடுஞ்சாலை வருகிறது என்றால் சட்டம் ஒன்றுதான். சாலை நாட்டுக்குத் தேவை, அளக்காமல் சாலை போட முடியாது. ஆனால் அளக்க வருகிறோம் என்று முன்கூட்டியே வீடு தேடிச் சொல்வதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?