ஒரு கப்பல் தலைவரின் நாளேடு: ஜாண் நியூட்டன், 1750–1754

ஜாண் நியூட்டனைப் பற்றி நம் பிரசங்க பீடங்களில் வழங்கிவரும் வரலாறு மிகச் சுருக்கமானது. அடிமை வியாபாரத்தில் இருந்த ஒருவர் நடுக்கடலில் புயலில் அகப்பட்டார், ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், தப்பினார், அவ்விழிதொழிலை அன்றே உதறிவிட்டு ஊழியத்திற்கு வந்தார், ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாடலை இயற்றினார். மனந்திரும்புதலுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆயினும், நியூட்டன் தம் கைப்பட எழுதிவைத்த ஏடு ஒன்று இவ்வரலாற்றுக்கு உடன்பட மறுக்கிறது.

அவ்வேடு தன்வரலாறு அன்று. தியான நூலும் அன்று. லிவர்பூலிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும், அங்கிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பின்னர் மீண்டும் லிவர்பூலுக்குமாகச் சென்ற மூன்று பயணங்களில், கப்பல் தலைவர் என்ற முறையில் அவர் எழுதிவந்த தொழிற் பதிவேடு அது. அதன் கையெழுத்துப் பிரதி கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பெர்னார்டு மார்ட்டின், மார்க் ஸ்பரல் ஆகிய இருவர் அதனைப் பதிப்பிக்க, 1962-இல் நூலாக வெளிவந்தது.

காலத்தை முதலில் கவனிப்போம். ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பலில் அவர் புயலில் சிக்கியது 1748 மார்ச் மாதத்தில். ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’ என்னும் கப்பலின் தலைவராக லிவர்பூலை விட்டுப் புறப்பட்டது 1750 ஆகஸ்டு மாதத்தில். அதன் பின்னர் ‘ஆப்பிரிக்கன்’ என்னும் கப்பலில் 1752-இலும் 1753-இலும் இரு பயணங்கள். ஆக, அடிமைக் கப்பல்களுக்கு அவர் தலைமை தாங்கியதெல்லாம் புயலுக்குப் பின்னரே; முன்னர் அன்று.

நாளேட்டின் பெரும்பகுதி சலிப்பூட்டுவது. காற்றின் திசை, பாய்களின் நிலை, செப்பனிட்ட பணிகள், மாலுமிகளின் நோய், ஆற்று முகத்துவாரங்களுக்கு அனுப்பிய படகுகள் ஆகியவையே பக்கந்தோறும் வருகின்றன. இச்சலிப்பே அதன் மதிப்பு என்பேன். சாட்சி சொல்லுகிறவன் கேட்போரை நினைந்து பேசுகிறான். பதிவேடு எழுதுகிறவனோ கப்பல் உரிமையாளருக்குக் கணக்கு ஒப்புவிப்பதையே எண்ணுகிறான். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கரையோரத்தில் மனிதர்களின் விலை இரும்புப் பாளக் கணக்கில் பேசப்பட்டது. ஒருவர் இருவராக வாங்கிச் சேர்ப்பதற்கு மாதங்கள் பல சென்றன. முதலில் வாங்கப்பட்டோர், கடைசியில் வாங்கப்படுவோர் வந்து சேரும்வரை, விலங்கிடப்பட்டுக் கப்பலின் அடித்தளத்திலேயே கிடந்தனர்.

அவர்களுக்கு ஏட்டில் பெயர் இல்லை; எண் உண்டு. 1751 சனவரி 9-ஆம் நாள் ஒரு பெண்ணை அடக்கம் செய்ததாக நியூட்டன் எழுதுகிறார். அவளுடைய எண் 11. சில நாட்களாகவே நோயுற்றிருந்தாள் என்றும், கடைசி இரண்டு நாட்கள்வரை ஆபத்து என்று தாம் கருதவில்லை என்றும் குறிப்பு சொல்லுகிறது. கப்பல் இன்னும் ஆப்பிரிக்கக் கரையை விட்டு அகலவில்லை. அடுத்த பயணத்தில், 1753 சனவரி 31-ஆம் நாள், மாலுமி ஒருவன் ஒரு பெண்ணைப் பலர் காணக் கற்பழித்ததையும், அவனைத் தாம் விலங்கிட்டதையும் பதிவுசெய்கிறார். அவள் கர்ப்பவதி. அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு அவனுடையதே என்று எழுதி, அவளுடைய எண் 83 என்று முடிக்கிறார். தண்டனையில் நீதியுணர்வு இல்லாமலில்லை. ஆனால் அந்த எண், இழப்பு யாருடைய கணக்கில் ஏறும் என்பதற்காகவே அங்கு நிற்கிறது.

இறையியல் மாணவர் நின்று வாசிக்கவேண்டிய இடங்கள் வேறு இரண்டு உள. 1751 மே 26-ஆம் நாள், கப்பல் கரையை விட்டு நீங்கிய சில நாட்களில், ஆண் அடிமைகள் கிளர்ச்சி செய்ய ஆயத்தமாயிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. புண்ணின் காரணமாகவும், பிறகு நன்னடத்தையின் காரணமாகவும் விலங்கிடப்படாதிருந்த இளைஞன் ஒருவன், கயிற்று வேலைக்கான கூரிய இரும்பு முளையொன்றைக் கம்பித் தட்டியின் வழியே கீழே கொடுத்திருந்தான். ஒருமணி நேரத்திற்குள் ஏறத்தாழ இருபது பேர் விலங்குகளை உடைத்துவிட்டனர். 1752 டிசம்பரில் ‘ஆப்பிரிக்கன்’ கப்பலிலும் அவ்வாறே கத்திகளும் கற்களும் ஓர் உளியும் அகப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்த நான்கு சிறுவரை விலங்கிட்டு, உண்மையை வரவழைப்பதற்காகக் கட்டைவிரல்களைத் திருகாணிக் கருவியில் வைத்துச் சற்றே இறுக்கியதாக நியூட்டன் எழுதுகிறார். ‘சற்றே’ என்ற சொல்லும் அவருடையதே. இரண்டு குறிப்புகளிலும் சதி வெளிப்பட்டதற்குத் தேவ பராமரிப்பையே காரணமாகக் கூறுகிறார்.

இதனை வெறும் பாசாங்கு என்று தள்ளுவது எளிது, அது சரியாகாது. இதே பயணங்களில் அவர் மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்தினார், வேதம் வாசித்தார், மனைவி மேரிக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். மூன்றாம் பயணத்தில் ஓர் உயிரும் இழக்கப்படாமல் திரும்பியதற்காக லிவர்பூல் ஆலயங்களில் நன்றி செலுத்தப்பட்டது. சங்கிலிகளோடும் பூட்டுகளோடும் வாழும் ஒருவகைச் சிறைக்காவலனாகத் தம்மை உணர்ந்ததாகவும், வேறு தொழில் வேண்டுமென்று மன்றாடியதாகவும் 1764-இல் வெளியான தன்வரலாற்றில் கூறுகிறார். எனினும் அந்நூலிலும் அவ்வியாபாரத்தை அவர் பாவம் என்று கண்டிக்கவில்லை. கடலை அவர் விட்டதும் மனச்சாட்சியின் உந்துதலால் அன்று. 1754-இல் அடுத்த பயணத்திற்கு இரண்டு நாட்களுக்கு முன் திடீரென வந்த வலிப்பினாலேயே.

புயலுக்குப் பின்னும் நெடுங்காலம் முழுப்பொருளில் தாம் விசுவாசியாகவில்லை என்று நியூட்டனே ஒப்புக்கொள்ளுகிறாரே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது போதிய விடை ஆகாது. 1764-இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். ஓல்னியிலும், 1780 முதல் லண்டன் செயின்ட் மேரி உல்நாத் ஆலயத்திலும் போதகராக விளங்கினார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸும், பிற்காலத்தில் தஞ்சையையும் தரங்கம்பாடியையும் பார்வையிட்டு எழுதிய குளோடியஸ் புக்கானனும் அவரிடம் ஆலோசனை நாடி வந்தோரே. இத்தகைய போதகர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதியது 1788-இல்தான். குருப்பட்டத்திற்கும் இதற்கும் இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது.

‘ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய எண்ணங்கள்’ என்னும் அச்சிறு நூலில் அவர் தம் காலந்தாழ்ந்த அறிக்கையைச் செய்கிறார். அவ்வாண்டில் அரசரின் ஆலோசனைச் சபைக் குழுவின் முன்னும், 1790-இல் மக்களவைக் குழுவின் முன்னும் சாட்சி கூறினார். வியாபாரத்தைத் தடைசெய்த சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

அறுபது வயதைக் கடந்த அப்போதகர் தம் வாதத்தை எதன்மீது நிறுத்துகிறார் என்பது கருதத்தக்கது. வேத வசனங்களைத் தொகுத்து அவர் தொடங்கவில்லை. தாம் கண்டவற்றையே சொல்லுகிறார். புயலுக்கு அடுத்துத் துணைத்தலைவராகச் சென்ற பயணத்தின் நாளேட்டைத் தம்முன் விரித்து வைத்திருப்பதாகக் கூறி, கணக்கைக் கொடுக்கிறார். ஆப்பிரிக்கக் கரையை விட்டபோது கப்பலில் இருந்தோர் 218 பேர். தென் கரோலினாவைச் சேருமுன் கடலில் அடக்கப்பட்டோர் 62 பேர். உரிமையாளருக்காக எழுதப்பட்ட எண்கள் இங்கு உரிமையாளர்களுக்கு எதிராகவே சாட்சியாகின்றன. கப்பல் கரையோரத்தில் நின்ற மாதங்களில் இறந்தவர்களும் உண்டு என்றும், அவர்களைப் பற்றிய கணக்குத் தம்மிடம் இல்லை என்றும் அதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுகிறார். எண் 11 அத்தகையோருள் ஒருத்தி. ஆனால் அவள் இறந்தது அடுத்த கப்பலில்.