தோட்டத்துக் கூட்டு: ஏலம் கேட்கத் தெரிந்த மக்கள்

இணைய ஏலத்தில் மலிவாகப் பொருள் வாங்குவது எப்படி என்று கேட்டால் இன்றைய இளைஞர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைசி நிமிடம் வரை காத்திரு என்பார் ஒருவர். முதலிலேயே பெரிய தொகையைச் சொல்லி மற்றவர்களை மிரட்டிவிடு என்பார் இன்னொருவர். ஆனால் வீட்டுக்கு மின்விளக்குகூட வராத காலத்திலேயே நெகிரி செம்பிலான் தோட்டங்களின் லயத்து வாசல்களில் மாதந்தோறும் ஏலம் நடந்தது. அங்கே ஏலத்துக்கு வந்தது கடிகாரமோ சைக்கிளோ அல்ல, பணம். அதற்குப் பெயர் கூட்டு. தமிழகத்தில் அதையே ஏலச்சீட்டு என்பார்கள்.

கூட்டு ஏன் தேவைப்பட்டது?

சுங்கை ஊஜோங் பகுதியில் 1880களில் லின்சம் போன்ற தோட்டங்களில் காப்பி பயிரானது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி இருந்த இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ், தம்பின் என்று எங்கு பார்த்தாலும் பால்மரங்கள். அவற்றை வெட்டக் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்களை அழைத்து வந்தார்கள்.

1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயிக்கப்பட்டது. 1930இல் உலக மந்தம் வந்ததும் அது 40, 32 காசாகக் குறைந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலையுதிர்க்கும்போது பாலும் குறையும். பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், ஊரில் தாய் இறந்த செய்தி வந்தால் பணம் அனுப்ப வேண்டும். அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவனுக்கு யார் கடன் தருவார்கள்? தோட்டக் கடையில் பற்று எழுதலாம். ஆனால் கடைக்காரர் கையில் ரொக்கம் கொடுக்க மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பியதுதான் கூட்டு.

ஒரு சின்னக் கணக்கு

20 பேர் சேர்கிறார்கள். மாதம் ஆளுக்கு 5 வெள்ளி. மொத்தம் 100 வெள்ளி. முதல் மாதப் பணம் கூட்டு நடத்தும் தலைவிக்கு. வசூலிக்கும் சிரமத்துக்கும், யாராவது கட்டத் தவறினால் தாமே கட்டுவதற்கும் அதுவே அவருக்குக் கூலி. இரண்டாம் மாதம் சம்பள நாள் மாலையில் ஏலம் நடக்கிறது. அவசரத்தில் இருக்கும் ஒரு பெண் 30 வெள்ளியைக் கழித்துக்கொண்டு மீதி 70ஐக் கொடுங்கள் என்கிறார். அந்த 30 வெள்ளி 20 பேருக்கும் பங்காகிறது. அதனால் அந்த மாதம் ஒவ்வொருவரும் 5 வெள்ளிக்குப் பதில் மூன்றரை வெள்ளி கட்டினால் போதும்.

ஏலம் நடக்கும் 18 மாதங்களிலும் கழிவு சராசரி 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூட்டு முடியும்போது ஒவ்வொருவரும் கட்டியிருப்பது 86 வெள்ளி 50 காசு. கடைசி வரை பொறுத்தவர் முழு 100 வெள்ளியை வாங்குகிறார். அவருக்கு லாபம் 13 வெள்ளி 50 காசு. அவசரப்பட்டு 70 வெள்ளி எடுத்த பெண்ணுக்கோ செலவு 16 வெள்ளி 50 காசு. அதே பெண் 15 வெள்ளிக் கழிவில் எடுத்திருந்தால் செலவு 2 வெள்ளி 25 காசுதான். ஏலம் கேட்கத் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு!

ஏலம் கேட்கும் சாமர்த்தியம்

அதனால்தான் கூட்டு கட்டியவர்கள் காலம் பார்த்தார்கள். தீபாவளிக்கு முன்னும், பள்ளி திறக்கும் வேளையிலும், பால் குறையும் மாதங்களிலும் எல்லாருக்கும் பணம் தேவை, கழிவு ஏறும். கையில் காசு புழங்கும் மாதத்தில் கேட்பவருக்குப் போட்டி குறைவு. தேவை வருவதற்கு முன்பே அப்படி ஒரு மாதத்தில் எடுத்து வைத்துக்கொள்வது முதல் சாமர்த்தியம்.

தேவையை வெளியே காட்டாமல் இருப்பது இரண்டாவது. மகளுக்கு நாள் குறித்த செய்தி லயம் முழுக்கத் தெரிந்துவிட்டால், வேண்டுமென்றே போட்டிக்குக் கேட்டுக் கழிவை ஏற்றிவிட ஆள் இருக்கும். கழிவு ஏறினால் அவர்களுக்குப் பங்கு கூடுமே! ஆனால் அதில் ஆபத்தும் உண்டு. எதிராளி சட்டென்று நிறுத்திக்கொண்டால், தேவையில்லாத பணத்தை நஷ்டத்தில் எடுக்க வேண்டியது ஏற்றிவிட்டவர்தான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதற்கு மேல் போவதில்லை என்ற எல்லையை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருவது. கூட்டத்தில் வீம்பு பிடித்தால் கணக்கு மறந்துபோகும்.

உலகம் சொன்ன பாடம்

பிற்காலத்தில் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான். 1961இல் வில்லியம் விக்ரி, ஏல முறை மாறினால் கேட்பவரின் உத்தியும் எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் அமெரிக்க எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் மூவர், ஏலத்தில் வென்றவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் கொடுத்தவராகவே இருக்கிறார் என்று எழுதினார்கள். அதற்கு வென்றவரின் சாபம் என்று பெயர்.

1995இல் ஈபே தொடங்கியது. அங்கே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அதனால் கடைசி நொடியில் கேட்பவர்கள் பெருகினார்கள். அமேசான் நடத்திய ஏலத்தில் யாராவது கடைசியில் கேட்டால் நேரம் நீளும். அங்கே அந்த வழக்கம் வெகு குறைவு. ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் இதை 2002இல் ஒப்பிட்டு எழுதினார்கள். லயத்து ஏலம் இரண்டாவது வகை. ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லி முடிப்பதற்குள் யாரும் குரல் கொடுக்கலாம். அங்கே கடைசி நொடித் தந்திரம் செல்லாது. எந்த ஏலம் எப்படி முடிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இதில் பாடம்.

நம்பிக்கை உடைந்தபோது

கூட்டுக்குப் பத்திரம் கிடையாது. பக்கத்து வீட்டு முகம்தான் பத்திரம். பணத்தை எடுத்தவர் மறுநாள் காலை அதே பெரட்டில் நிற்க வேண்டும், அதே கோயில் திருவிழாவுக்கு வர வேண்டும். ஆனால் 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. மக்கள் வேலை தேடிச் சிதறினார்கள். அந்த நிலைமையைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பட்டணத்தில் முகம் தெரியாதவர்களைச் சேர்த்து நடக்கும் கூட்டில், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் யாரைக் கட்டுப்படுத்தும்?

1971இல் மலேசிய நாடாளுமன்றம் கூட்டு நிதித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. கூட்டு, சீட்டு ஆகிய நம் சொற்கள் அப்படியே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றமானது. அதே ஆண்டில் சிங்கப்பூரும் சீட்டு நிதிக்குச் சட்டம் செய்தது. இந்தியா 1982இல் தடை செய்யாமல், பதிவும் பிணையும் கட்டாயமாக்கி முறைப்படுத்தியது. கேரள அரசின் நிதி நிறுவனம் 2018இல் வெளிநாட்டு மலையாளிகளுக்காக இணையத்திலேயே ஏலம் கேட்கும் சீட்டைத் தொடங்கியது. லயத்து வாசல் ஏலமும் கணினி ஏலமும் அங்கே ஒன்றாகிவிட்டன.

இங்கே கைப்பேசிக் குழுக்களில் கூட்டு இன்னும் நடக்கிறது. சேர்ந்திருக்கும் மற்றவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பலர் பணம் கட்டுகிறார்கள். சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை, லயத்துப் பாதுகாப்பும் இல்லை. தோட்டத்து மூத்தவர்கள் ஏலத்தில் எவ்வளவு கேட்கலாம் என்று யோசிப்பதற்கு முன், யாரோடு சேர்ந்து கட்டுகிறோம் என்று பார்த்தார்கள். இன்று பணம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.