நாலந்தாவின் கல்லும் யாழின் நரம்பும்

இலங்கையின் மாத்தளையிலிருந்து தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, நாலந்தாவில், முழுவதும் கல்லாலேயே எழுப்பப்பட்ட ‘கெடிகே’ என்னும் பௌத்தப் படிமக்கோயில் நிற்கிறது. கி.பி. 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளுக்கு உரியதாகக் கருதப்படும் இதன் அமைப்பு, மாமல்லபுரத்துப் பல்லவர் பணியை நினைவூட்டுவது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, இது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. கல் எஞ்சியிருந்ததால் கோயிலை மீட்க முடிந்தது. அதே சாலை சென்று சேரும் யாழ்ப்பாணம் எந்தக் கருவியின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த யாழுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மரம் உளுத்து, தோல் கிழிந்து, நரம்பு அறுந்து, பழந்தமிழ் யாழ் அழிந்தபின் எஞ்சியவை சொற்களே.

யாழ் என்பது வில்போல் வளைந்த தண்டில் சுரத்துக்கு ஒரு நரம்பாகக் கட்டி விரலால் மீட்டப்படும் கருவி. 21 நரம்புடைய பேரியாழ், 19 உடைய மகரயாழ், 14 உடைய சகோடயாழ், 7 உடைய செங்கோட்டியாழ் என உரையாசிரியர்கள் வகுத்தனர். பொருநராற்றுப்படையோ கருவியைக் கண்முன் வைக்கிறது: ‘பத்தர்’ எனப்படும் ஒலிக்கலம் மானின் குளம்பு அழுந்திய தடம்போல நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருந்தது, தண்டு படமெடுத்த பாம்பின் கழுத்தைப் போன்றது, நரம்பைத் தண்டோடு இறுக்கும் ‘திவவு’ என்னும் வார்க்கட்டுகள் கரிய பெண்ணின் முன்கை வளையல்களைப் போல வரிசையாக இருந்தன, நரம்போ குற்றிய தினையரிசி போல மாசற்றிருந்தது. தச்சனுக்கும் பயன்படக்கூடிய துல்லியம் இது.

சம்பந்தரின் பதிகம் ஒன்று தம் கருவிக்குள் அடங்காமையால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை முறிக்க முனைந்தார் என்று பெரியபுராணம் கூறுவதிலேயே யாழின் எல்லை தெரிகிறது. சுரத்தை இழுத்து அசைக்கும் கமகத்துக்கு இடந்தரும் வீணை வளர, யாழ் ஒதுங்கியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயினும் வளைவு யாழின் உறவுக் கருவியான ‘சௌங்’ மியன்மாரில் இன்றும் இசைக்கப்படுகிறது. அங்குக் கலைஞர் இடக்கைப் பெருவிரல் நகத்தால் நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்துவர்.

மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள், தமிழறிவோடு அறிவியற் பயிற்சியும் உடையவராதலால், பண்டை யாழ்களின் வடிவையும் அலகுகளையும் கணித முறையில் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

ஏட்டில் உயிர்த்த அக்கருவியை மதுரையைச் சேர்ந்த தருண் சேகர் மரத்தில் மீண்டும் செதுக்கி, 2021-இல் ‘அழகி’ என்னும் பாடலில் ஒலிக்கச் செய்தது, தமிழிசை வரலாற்றில் கொண்டாடத்தக்க துணிவு. பண்ணிசையைத் தேடிப் பின்னோக்கிச் செல்லாமல், இன்றைய இளைஞர் பாடும் மெட்டுக்கே அவர் அந்நரம்புகளைக் கட்டினார்.