கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பஸ் நாலு இடத்தில் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் எங்களை இறக்கினார்கள், எண்ணினார்கள், ஏற்றினார்கள். அர்ச்சுனன் தபசுக்குக் கால் மணி, ஐந்து ரதத்துக்கு அரை மணி, கடற்கரைக் கோயில் புல்வெளியில் புளியோதரைப் பொட்டலம். வீடு திரும்பியதும் தாத்தா கேட்டார்: "அதெல்லாம் சரி, நடுவுல என்னடா பார்த்தே?" நடுவில் நான் பார்த்தது முன் சீட்டின் கம்பியை மட்டும்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதன் கடனைத் தீர்க்கத்தான் அந்த ஊரில் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் பார்த்ததும் கிட்டத்தட்ட எங்கள் பஸ் நின்ற இடங்களைத்தான்: தபசு, வெண்ணெய்ப் பந்து, ஐந்து ரதம், கடைசியில் கடற்கரைக் கோயில். அவை பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் 1984இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கொடுத்த பெயரிலேயே 'தொகுதி' என்ற பொருள் இருக்கிறது. தனித்தனிச் சின்னங்கள் எப்படித் தொகுதி ஆகின்றன என்பது பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. அது காலுக்குத்தான் தெரியும்.

தமிழில் இது புதுச் செய்தியுமல்ல. 'ஆறு' என்றால் வழி. வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை என்று பெயர் வைத்தவர்கள் நாம். உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை தொண்டைநாட்டுக்கே உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாணனைக் காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்புகிறார். போகிற வழியில் எயினர் குடிசை, ஆயர் பாடி, உழவர் ஊர் என்று ஒவ்வொன்றும் வருகிறது. அங்கங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட உண்டு. நீர்ப்பெயற்று என்ற துறைமுகமும் அந்த வழியில் வருகிறது. ஏணி சாத்தி ஏறவும் கடினமான உயர்ந்த மாடத்தில் இரவில் விளக்கேற்றி, திசை தப்பிய கலங்களைக் கரைக்கு அழைக்கும் ஊர் அது. அந்த ஊர்தான் மல்லை, அதாவது மாமல்லபுரம், என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். ஏற்க எனக்கும் ஆசைதான். ஆனால் சான்று ஆசையைவிடக் குறைவு.

இருந்தாலும் நடையை அந்த விளக்கிலிருந்து தொடங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பாறைக் குன்று படுத்திருக்கிறது. அதன் தென்பாதியில் ஓர் உயரமான பாறையைக் குடைந்தது மகிஷாசுரமர்த்தினி குகை. அந்தக் குகையின் தலைமேல் கட்டப்பட்டது ஒலக்கண்ணேசுவரர் கோயில். அதன் உச்சியில்தான் 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்காக விளக்கு எரித்தார்கள். தினமும் ஓர் உழக்கு எண்ணெய் ஊற்றியதால் அவர் உழக்கெண்ணெய் ஈசுவரர் ஆனார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பக்கத்திலேயே இன்றைய வட்டமான கல் கலங்கரை விளக்கம். கீழே குகையில் ஒரு பக்கச் சுவரில் போர், எதிர்ச்சுவரில் அனந்தசயனத் தூக்கம். மேலே விளக்கு.

இங்கே நின்று கிழக்கே பார்த்தால் கடல். மேற்கே பார்த்தால் பக்கிங்காம் கால்வாய். நல்ல சாலைகள் வருவதற்கு முன்பு சென்னையிலிருந்து வருகிறவர்கள் பலர் படகேறி அந்தக் கால்வாய் வழியாக வந்தார்கள். அதாவது ஊரின் முதுகுப் பக்கமாக நுழைந்தார்கள். கடலோடிகளுக்கோ ஊரின் முகம்தான் அடையாளம். ஐரோப்பிய மாலுமிகள் இதற்கு ஏழு பகோடா என்று பெயரிட்டதும் கப்பல் தளத்திலிருந்து பார்த்துத்தான். கோபுரங்கள் அவர்களுக்குக் கரையைக் காட்டும் குறிகள். 1788இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் இந்த ஊரைப் பற்றி எழுதிய பிறகு, கடற்கரைக் கோயில் தவிர மற்ற ஆறு கோயிலும் கடலுக்குள் போய்விட்டன என்ற கதை உலகம் சுற்றியது. மலைமேல் ஏறி இறங்கியவர்கள் ஏழுக்கு மேலேயே எண்ணிவிடுவார்கள். தண்ணீருக்குள் தேட வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை.

குன்றின் மேற்குச் சரிவில் யாரும் அதிகம் இறங்குவதில்லை. இறங்கினால் கோடிக்கல் மண்டபம் வரும். மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப்பட்டை. அலங்காரமே இல்லாத கனத்த தூண்கள். அங்கிருந்து வராக மண்டபத்துக்கு வந்தால் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. தண்டு மெலிந்திருக்கிறது. பத்து நிமிட நடைதான், ஆனால் தூண்கள் வேறு வேறு காலத்தவை போலத் தெரிகின்றன. மல்லையின் எல்லாப் பணிகளையும் பல்லவ மன்னன் இராஜசிம்மன் ஒருவனே செய்தான் என்று 1962இல் தொல்லியலாளர் இரா.நாகசாமி எழுதிய வாதம் மிகக் கூர்மையானது. அத்தியந்தகாமன் என்ற பட்டப்பெயரை வைத்து அவர் அடுக்கும் கல்வெட்டுச் சான்றைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல. என் தலை அதைப் படித்து ஆமாம் என்கிறது. அந்தப் பத்து நிமிடம் நடந்த கால்தான் ஒப்புக்கொள்வதில்லை.

அதே குன்றில் இராமாநுஜ மண்டபம் இருக்கிறது. சிவனுக்காகக் குடைந்தது. பின்னாளில் வைணவ மண்டபமாக்கியபோது சுவரிலிருந்த சிற்பங்களைக் கொத்தி வழித்துவிட்டார்கள். கொத்தின தழும்புக்குள்ளே உருவங்களின் விளிம்பு இன்னும் தெரியும். அதே மண்டபத்தின் தரையில் ஒரு பல்லவ கிரந்தக் கல்வெட்டு. நெஞ்சில் உருத்திரனைக் கொள்ளாதவர்களைத் திரும்பத் திரும்பச் சபிக்கிறது. கொத்தியவர்கள் அதன்மேல் நின்றுகொண்டுதான் கொத்தியிருக்க வேண்டும்.

ஆனால் 'நடுவே' என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருவது பெயரில்லாத பாறைகள்தான். கலங்கரை விளக்கத்தைச் சுற்றியிருக்கும் சரிவுகளில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரு பாறை முகத்தில் சாணளவுச் சதுரங்களாகக் கட்டம் கட்டி ஆழமாக வரி கீறியிருக்கிறது. வரிகளுக்கு நடுவே எஞ்சி நிற்கிற குமிழ்களைத் தட்டி உடைத்துவிட்டு, அடுத்த அடுக்குக்கு மறுபடி கட்டம் கீறுவது. இப்படித்தான் குகை உள்ளே போனது. சில கட்டங்களில் குமிழ் போய்விட்டது, பக்கத்துக் கட்டத்தில் அப்படியே இருக்கிறது. கையை வைத்தால் வரியின் உட்பக்கம் உளி சாய்ந்த திசைகூடத் தட்டுப்படும். முடிந்த சிற்பம் செய்த விதத்தைச் சொல்வதில்லை. பாதியில் நின்ற கல்தான் சொல்கிறது. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு எழுதிவைத்தான். அந்தப் பெருமைக்குப் பின்னாலிருந்த கூலி வேலை இந்தக் கட்டங்களில் இருக்கிறது.

குன்றின் கிழக்கு ஓரமாக வடக்கே வந்தால் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனைவிட நான் நின்று பார்ப்பது பால் கறக்கும் ஆயனைத்தான். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. அது நக்குவதிலேயே, மாட்டுக்காரர்கள் 'சொரப்பு' என்று சொல்லும் பால் இறக்கம் தெரிகிறது. செதுக்கியவன் தொழுவத்தில் வளர்ந்தவன். அடுத்தது தபசு என்ற பெரும் பாறைச் சிற்பம். அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. பிளவில் நாகர்கள் மேலேறுவதையும், ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையை நம்பி எலிகள் கூடுவதையும் பார்த்தவர்கள் அவரவர் தீர்ப்பைச் சொல்லிக்கொள்ளட்டும்.

தபசுக்கு நேர் கிழக்கே தலசயனப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லை. பெருமாள் பாம்பணை இல்லாமல் தரையில் கிடக்கிறார். பூக்கடை, பஸ் நிலையம், சுண்டல் வண்டி எல்லாம் தாண்டி இன்னும் அரைக் கிலோமீட்டர் கிழக்கே நடந்தால் கடற்கரைக் கோயில். அங்கே இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பாறையோடு பாறையாக இன்னொரு பெருமாள், அவரும் தரையிலேயே. இருவரையும் ஒரே காலையில், ஒரே நடையில் பார்த்தவருக்கு மட்டுமே இந்த இரட்டைத் துயில் உறைக்கும். குன்றில் குடைந்தும் செதுக்கியும் வந்த கை, இங்கே கல்லை அடுக்கிக் கட்டத் தொடங்கிவிட்டதும் உறைக்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. உப்புக்காற்று விமானத்துச் சிங்கங்களின் முகத்தை எல்லாம் ஒன்றாக்கிவிட்டது.

ஐந்து ரதம் பார்க்கத் தெற்கே போக வேண்டும். தபசிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். எல்லோரும் ஆட்டோ பிடிக்கிற இந்தத் தூரத்தில், கலங்கரை விளக்கத்தின் கீழே, சாலையை ஒட்டியே இன்னொரு தபசு இருக்கிறது. அதே பிளவு, அதே கூட்டம், பாதியில் விட்டது. மேல்வரிசை உருவங்கள் வந்துவிட்டன. கீழே வெறும் பாறை. பெரிய தபசுக்கு முந்தியதா பிந்தியதா என்று ஆய்வாளர்கள் பேசுவார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். சாலையின் இருபுறமும் சிற்பக் கூடங்கள். 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரி. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பெல்லாம் இந்தச் சாலையில் உளிச்சத்தம் கேட்கும். இப்போது கட்டர் மிஷின் கத்துகிறது, தூள் பறக்கிறது. ஆனாலும் கடைசி வேலைக்கு, கண்ணுக்கும் உதட்டுக்கும், உளிதான்.

ரதங்களை வடக்கிலிருந்து தெற்கே நடந்து பார்க்க வேண்டும். திரௌபதி ரதம் குடிசையளவு. அர்ச்சுனன் ரதம் கொஞ்சம் பெரிது. பீமன் நீளம். தர்மராஜன் எல்லாவற்றிலும் உயரம். இது வயது வரிசையோ பாண்டவர் கணக்கோ அல்ல. பாண்டவர் பெயரே பின்னால் ஒட்டியது. தெற்கே உயர்ந்து வடக்கே சரிந்த ஒரே பாறையை எதையும் வீணாக்காமல் வெட்டினால் இப்படித்தான் வரும். பக்கத்தில் நகுல சகதேவ ரதம், தூங்கும் யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாடம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானை. பெயரையும் பொருளையும் அருகருகே நிறுத்தி வைத்த சிற்பியின் குறும்பு எனக்கு அலுப்பதேயில்லை.

வடக்கே சாளுவன்குப்பத்துக்கு இன்னொரு நாள் நடக்கலாம், கடற்கரையோடு ஐந்து கிலோமீட்டர். 2004 சுனாமி மணலை அள்ளியதில் அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலை அது சொல்ல, பக்கத்து மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கல்லுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில், வடக்கு நோக்கியபடி கிடைத்தது. பாறை வழிகாட்டிய ஆற்றுப்படை.

நான் திரும்புவது எப்போதும் செங்கல்பட்டு பஸ்ஸில்தான். வழியில் திருக்கழுக்குன்றத்தில் சில சமயம் இறங்கிவிடுவேன். மலைப்பாதையில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குகை இருக்கிறது. அதன் தூண்களில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பெயர்களும் ஆண்டுகளும் வெட்டியிருக்கின்றன. கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் துணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள், ஏதோ ஓய்வுநாளில் உள்நாட்டுக்கு வந்து மலையேறி, எழுத்து நன்றாக வர வேண்டும் என்று மெனக்கெட்டு வெட்டியிருக்கிறார்கள். ஒரு பெயரின் கடைசி எழுத்து தூணின் விளிம்பில் இடம் போதாமல் குறுகிப்போயிருக்கிறது. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இறங்குவேன்.