நிகழ்ச்சி நிரலை வகுப்பவர் யார்? கான் திரைப்பட விழா – ஒரு வரலாற்று நோக்கு

பல நாடுகளின் திரைப்படங்களை ஒரு நகரில் ஒருசேரக் காண்பித்துப் பரிசளிக்கும் விழா இருபதாம் நூற்றாண்டின் படைப்பாகும். அத்தகைய விழாவின் நிகழ்ச்சி நிரலைக் கையிலெடுப்பவர் எந்தப் படம், எந்த மண்டபம், எத்தனை மணி என்பவற்றையே முதலில் நோக்குவர். அந்நிரலில் ஒரு படம் இடம்பெற்றதும் இன்னொரு படம் இடம்பெறாமற் போனதும் யாருடைய தீர்மானம் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. தென் பிரான்சின் கடற்கரை நகரான கானில் நடைபெற்றுவரும் விழாவின் வரலாறு இவ்வினாவை முன்னிறுத்தி ஆராயத்தக்கது. பிற அரசுகளின் தலையீட்டை எதிர்த்துத் தோன்றிய அவ்விழா, படங்களைத் தானே தெரிவுசெய்யும் உரிமையைப் பெறுவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேற் காத்திருக்க வேண்டியிருந்தது.

கான் விழாவின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இத்தாலியின் வெனிஸ் நகரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1932 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் திகதி அந்நகரின் லிடோ தீவிலுள்ள எக்செல்சியர் ஹோட்டலின் திறந்த மாடத்தில் முதலாவது விழா ஆரம்பமாயிற்று. 1895 இல் தொடங்கப்பட்ட வெனிஸ் கலைக் கண்காட்சியின் ஓர் அங்கமாகவே இது அமைந்தது. அக்கண்காட்சிக்கு அப்போது தலைமை வகித்த யுசெப்பே வொல்ப்பி, முசோலினி அரசின் நிதியமைச்சராக முன்னர் விளங்கியவர். முதலாண்டில் நடுவர் குழு இருக்கவில்லை. பார்வையாளரின் வாக்குகளே சிறந்த படங்களைச் சுட்டின. 1934 இல் விழா போட்டியாக மாறியபோது தலையாய பரிசுக்கு ‘முசோலினிக் கிண்ணம்’ எனப் பெயரிடப்பட்டது. விழாவின் உரிமையாளர் யார் என்பதை அப்பெயரே உணர்த்திற்று எனலாம்.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. முதலாம் உலகப் போரின் கைதிகளைப் பற்றிய ஜோன் ரெனுவாரின் ‘மாபெரும் மாயை’ என்னும் பிரெஞ்சுப் படம் 1937 இல் வெனிஸிற் காண்பிக்கப்பட்டது. போர் மனிதரிடையே எழுப்பும் எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்கிய அப்படத்துக்குக் கிண்ணம் வழங்கப்படவில்லை. வேறொரு பரிசே கிடைத்தது. பின்னர் இத்தாலியிலும் ஜேர்மனியிலும் அது தடைசெய்யப்பட்டது. 1938 இல் முசோலினிக் கிண்ணம் இரு படங்களுக்கு வழங்கப்பட்டது. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டு விழாவைப் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் நாசி அரசின் ஆதரவோடு உருவாக்கிய ‘ஒலிம்பியா’. மற்றையது, முசோலினியின் மகன் விட்டோரியோவின் மேற்பார்வையில் தயாரான ‘விமானி லூச்சானோ செர்ரா’. கலையின் பெயரால் இரு அரசுகள் தம்மைத் தாமே பாராட்டிக்கொண்டன என்பதே இதன் பொருள். பிரித்தானிய, அமெரிக்கப் பிரதிநிதிகள் இதனைக் கண்டித்து விலகினர்.

பிரான்சின் பிரதிநிதியாக அங்கு சென்றிருந்த பிலிப் எர்லாஞ்சே, நாடு திரும்பும் புகைவண்டிப் பயணத்திலேயே புதியதொரு விழாவைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்பர். அப்போது கல்வி, நுண்கலை அமைச்சராகவிருந்த ஜோன் சே இக்கருத்தை ஆதரித்தார். முசோலினியைச் சினமூட்டலாகாது எனக் கருதிய வெளிநாட்டமைச்சு தயக்கம் காட்டிற்று. எனினும் 1939 மே 31 இல் பிரெஞ்சு அரசும் கான் நகரமும் உடன்படிக்கை செய்துகொண்டன. விழா செப்டெம்பர் 1 இல் தொடங்குவதாகவும், சினிமாவின் முன்னோடிகளுள் ஒருவரான லூயி லுமியே கௌரவத் தலைவராக விளங்குவதாகவும் ஏற்பாடாயிற்று. அதே செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் போலந்தினுள் நுழைந்தன. முதலில் ஒத்திவைக்கப்பட்ட விழா பின்னர் கைவிடப்பட்டது.

போர் முடிந்தபின் 1946 செப்டெம்பர் 20 இல் விழா மெய்யாகவே தொடங்கிற்று. அவ்வாண்டின் பெரும் பரிசு பதினொரு படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ரொபேட்டோ ரொசெலினியின் ‘ரோமாபுரி திறந்த நகரம்’, டேவிட் லீனின் ‘சிறு சந்திப்பு’, இந்தியாவின் சேத்தன் ஆனந்த் நெறிப்படுத்திய ‘நீச்சா நகர்’ ஆகியன அவற்றுட் சில. இப்பதினொரு படங்களும் பதினொரு நாடுகளுக்குரியவை என்பது கவனிக்கற்பாலது. போரின் காயங்கள் ஆறாத காலத்தில் எந்த நாட்டையும் மனம் வருந்தச் செய்யாதிருத்தல் நல்ல இராசதந்திரம்தான். ஆயினும் அது கலை மதிப்பீடு ஆகாது. மேலும், பங்குபற்றும் படங்களை அந்தந்த நாடுகளே தெரிந்தனுப்பின. வெனிஸில் ஓரிரு அரசுகளின் கையிலிருந்த அதிகாரம் கானிற் பல அரசுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை.

இவ்வமைப்பின் உள்முரண்பாடு 1956 இல் அம்பலமாயிற்று. நாசி வதைமுகாம்களைப் பற்றி அலன் ரெனே உருவாக்கிய ‘இரவும் பனிமூட்டமும்’ என்னும் 32 நிமிட விவரணப்படம் போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. மேற்கு ஜேர்மனியத் தூதரகம் ஆட்சேபிக்கவே, அது போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. பிற நாட்டின் உணர்வைப் புண்படுத்தும் படங்களை விலக்கலாம் என்ற ஏற்பாடு அப்போது விழாவில் இருந்தது. முகாம்களிலிருந்து மீண்டோர் எழுப்பிய கண்டனத்தின் பின்னரே அப்படம் போட்டிக்கு வெளியே காண்பிக்கப்பட்டது. பிரெஞ்சுத் தணிக்கையாளரும் இப்படத்திற் கைவைத்தனர். பித்திவியே முகாமைக் காவல் காத்த பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரியாதவாறு அக்காட்சி மறைக்கப்பட்டது. பாசிசத்தின் செல்வாக்கை வெறுத்துத் தோன்றிய விழாவிலேயே பாசிசத்தின் கொடுமையைக் கூறும் படம் வாயில்வரை வந்து தடுக்கப்பட்டமை வரலாற்றின் கசப்பான முரண்நகையாகும்.

அடுத்த ஆண்டாகிய 1957 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கான் போட்டியில் இடம்பெற்றது. படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வெளியேறிக் கிராமத்தின் இயல்பான சூழலிற் படமாக்கப்பட்ட அப்படைப்பு, இலங்கையில் வர்த்தக ரீதியிற் பெருவெற்றி ஈட்டாதது. அத்தகைய ஒரு படம் உலகின் முன் வைக்கப்பட்டமை, இவ்விழா சிறிய நாடுகளுக்குத் திறந்துவிட்ட வாயிலுக்குச் சான்றாகும். எனவே பழைய அமைப்பு தீங்கை மட்டுமே விளைத்தது எனக் கூறிவிட முடியாது.

மாற்றம் வீதியிலிருந்து வந்தது. 1968 பெப்ரவரியில் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தின் தாபகர் அன்றி லாங்லுவாவை அரசு பதவிநீக்க முயன்றபோது கலைஞர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். ஏப்ரலில் அவர் மீண்டும் பதவியேற்றார். மே மாதத்தில் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்திருக்கையிற் கானில் விழா நடந்துகொண்டிருந்தது. மே 18 ஆம் திகதி பிரான்சுவா துரூஃபோ, ஜோன்-லூக் கொதார் முதலானோர் விழாவை நிறுத்துமாறு கோரினர். படக்காட்சி தொடங்காதவாறு திரைச்சீலை பற்றிப் பிடிக்கப்பட்டது; நடுவர் சிலர் பதவி விலகினர். மறுநாள் பரிசு ஏதுமின்றி விழா முடிவுற்றது. 1969 இல் நெறியாளர் சங்கம் ‘நெறியாளர் இருவாரம்’ என்னும் தனி அரங்கைத் தொடங்கிற்று. அங்கு படங்களைத் தெரிவுசெய்தோர் நாடுகளின் அதிகாரிகளல்லர், படைப்பாளிகளே. இப்போட்டியை எதிர்நோக்கிய தாய்விழா, 1972 முதல் நாடுகள் அனுப்புவனவற்றை ஏற்கும் வழக்கத்தைக் கைவிட்டுத் தானே தெரிவுசெய்யத் தொடங்கிற்று.

இம்மாற்றத்தின் பயன் 1978 இற் புலனாயிற்று. ஸ்டாலினியக் காலத்தை விமர்சித்த அந்திரேய் வய்தாவின் ‘சலவைக்கல் மனிதன்’ என்னும் போலந்துப் படம், முன்னறிவித்தலின்றிக் கானிற் காண்பிக்கப்பட்டது. பழைய ஒழுங்கின்படி போலந்து அரசின் சம்மதமின்றி அது நிகழ்ந்திருக்க முடியாது. ஆனால் தெரிவுரிமை விழாவின் கைக்கு வந்ததனால் எல்லாம் சீரடைந்துவிட்டன என்பதும் பொருந்தாது. அரசுகளின் விருப்பு வெறுப்பு அகன்ற இடத்திற் சிலரது சுவையும் சந்தையின் நாட்டமும் புகுதல் கூடும். ஆகவே தெரிவோர் யார் என்ற வினா ஒருமுறை விடையளித்து முடிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் எழுப்ப வேண்டியதாகும்.

இவ்விழாவுக்கு வித்திட்ட ஜோன் சே அதனைக் காணவில்லை. 1940 இற் சிறையிடப்பட்ட அவரை 1944 ஜூன் 20 இல் விசி அரசின் துணைப்படையினர் கொன்றனர். 2015 இல் அவரது எச்சங்கள் பாரிஸின் பந்தியோனில் வைக்கப்பட்டன. 1939 இற் காண்பிக்கப்படாமற் போன படங்கள் 2019 இல் அவரது பிறந்த ஊரான ஓர்லியோனில் ஒரு விழாவாகத் திரையிடப்பட்டன. எண்பது ஆண்டுகள் தாமதித்து நடந்த அவ்விழா, நிகழ்ச்சி நிரல் ஒன்றுக்காக மனிதர் செலுத்திய விலையை நினைவூட்டி நிற்கின்றது.