யார் இந்த ஜெஃப்ரி பாவா? தண்ணீருக்கு நடுவில் நாடாளுமன்றம் கட்டிய இலங்கை ஆர்க்கிடெக்ட்!

மாடம்பாக்கம், செம்பாக்கம் பக்கம் மனை வாங்கியவர்கள் வீடு கட்டும்போது முதலில் யோசிப்பது, லாரி லாரியாக மண் அடித்து தரையை உசத்துவது பற்றித்தான். மழைத்தண்ணி உள்ளே வந்துடக் கூடாதே என்ற பயம். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான பயம்தான்.

ஆனால் மழையையும் காற்றையும் வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்த ஒருவர் பக்கத்து நாட்டில் இருந்தார். அவர்தான் ஜெஃப்ரி பாவா.

வக்கீல் டூ ஆர்க்கிடெக்ட்

1919 ஜூலை 23-ல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆனார். அந்த வேலை மனசுக்கு ஒட்டவில்லை. அம்மா இறந்த பிறகு உலகம் சுற்றக் கிளம்பினார். இத்தாலியில் செட்டில் ஆகிவிடலாம் என்றுகூட நினைத்தார். கடைசியில் ஊருக்கே திரும்பி, 1948-ல் பெந்தோட்டை அருகே லுனுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார்.

தோட்டத்தை தன் இஷ்டப்படி மாற்ற ஆசை இருந்தது, அதற்கான தொழில் தெரியவில்லை. அதைக் கற்கப் போனவர், 1957-ல் லண்டனில் ஆர்க்கிடெக்ட் பட்டம் வாங்கியபோது வயது 38!

முற்றத்தைச் சுற்றி ஒரு வீடு

1960-களின் தொடக்கத்தில் பாத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக கொழும்பில் கட்டிய வீடுதான் அவரை பேச வைத்தது. நகரத்துக்குள் இருந்த மனை அது. தெருவைப் பார்த்து வீட்டைத் திறக்காமல், நடுவில் பெரிய முற்றம் விட்டு, அறைகளை அதைச் சுற்றி வைத்தார். வெளிச்சம், காற்று எல்லாம் அந்த முற்றம் வழியாகத்தான். நம்ம செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. அன்றைய கொழும்பின் நவீன பங்களாக்களுக்கு நடுவே அது புதுசு.

அப்போது இலங்கையில் இறக்குமதிக்கு கடும் கட்டுப்பாடு. கிடைத்த கல், மரம், ஓடு இவற்றை வைத்தே வேலை நடந்தது. சிமென்ட் ஷீட் மேல் நாட்டு ஓடு பதிக்கும் கூரை அவருடைய முக்கியமான யுக்தி. ஷீட் ஒழுகாமல் காக்கும், ஓடு சூட்டைத் தடுக்கும். (அன்றைய ஷீட்டில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை மட்டும் இன்றைக்கு காப்பி அடிக்க வேண்டாம்.)

பாவாவுக்கு துணையாக நின்றவர் ஒரு தமிழர். இன்ஜினியர் பூலோகசுந்தரம் 1967 முதல் சுமார் 20 ஆண்டுகள் அவருடைய பார்ட்னர். கட்டடம் நிற்குமா என்ற கணக்கைப் பார்த்தவர் இவர். பெயரும் புகழும் என்னவோ ஆர்க்கிடெக்ட்டுக்கே போனது.

ஏரியைத் தோண்டி நாடாளுமன்றம்

1979-ல் வந்த பெரிய வேலை, கோட்டேயில் புதிய நாடாளுமன்றம். கொடுக்கப்பட்ட இடம் சதுப்பு நிலம். நம்ம ஊரில் என்றால் மொத்தமும் மண் கொட்டி மூடியிருப்பார்கள். பாவா சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் இருந்த மேட்டை தீவாக வைத்துக்கொண்டார். செம்புத் தகடு வேய்ந்த கூரைகளுடன் 1982-ல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் கட்டலாமா என்ற கேள்வி இன்று கண்டிப்பாக வரும். வர வேண்டிய கேள்வியும்கூட.

தம்புள்ளை அருகே 1994-ல் முடிந்த கண்டலம ஹோட்டலுக்கு எதிர்ப்பே கிளம்பியது. சிகிரியா பாறைக்குப் பக்கத்தில் கேட்ட இடத்தை மறுத்து, பழங்காலக் குளம் ஒன்றின் கரையில் மலையை ஒட்டி நீளமாகக் கட்டினார். இப்போது கொடிகள் படர்ந்து, தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடம் பாதி தெரியாது.

தமிழ்நாட்டில்?

சென்னை கன்னிமாரா ஹோட்டலை 1970-களில் மாற்றி அமைத்தவர்களில் பாவாவும் உண்டு. மதுரையிலும் அதே காலத்தில் ஒரு கிளப் கட்டினார்.

2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் சிறப்பு கௌரவம் கிடைத்தது. பக்கவாதத்தால் சில ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர், 2003 மே 27-ல் காலமானார்.

எனா டி சில்வாவின் வீடு என்ன ஆனது? அந்த மனை கைமாறியதும், வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, லுனுகங்கைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பிவிட்டார்கள்.